இடது சுண்டுவிரலுக்கு ஒரு கீ

லொரைன் அக்காவின் வலது சுண்டுவிரல் மடங்காது. கோப்பிக் கடையில் கோப்பையைத் தூக்கும்போதும், ரயிலில் கம்பியைப் பிடிக்கும்போதும் அது மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் நாகரிகத்துக்காக அப்படிப் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அக்கா யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை.

நானும் அவரும் லிட்டில் இந்தியாவில் ஒரு சலவைக் கடையின் பின்கட்டில் வேலை செய்கிறோம். பெரும்பாலும் ஹோட்டல் சீருடைகள்தான் வரும். அவர் தேய்ப்பார், நான் மடித்து அடுக்குவேன். மார்சிலிங்கில் எங்கள் இருவருக்கும் ஒரே அடுக்குமாடி புளோக், ஒரே மாடி. இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அக்காவின் அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். குடும்பம் முதலில் குவீன்ஸ்டவுனில் இருந்தது. அம்மா படுக்கையில் விழுந்த பிறகு, வாடகை குறைந்த வீடாகத் தேடி மார்சிலிங்குக்கு வந்தார்கள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தம்பி ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டார். கிறிஸ்துமஸுக்குப் படம் அனுப்புவார். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

விரல் போன கதை சின்னது. இரண்டு வருடங்களுக்கு முன்பு, காலர் அழுத்தும் மெஷினை அவரே மூடினார். மூடும்போது அந்த விரல் உள்ளே இருந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது, விரலை இழுக்கும் நரம்பு சேரவில்லை. சட்டை தேய்க்க அந்த விரல் தேவையில்லை, சமைக்கவும் தேவையில்லை, அதனால் டாக்டர் அதைப் பெரிய குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா கிளாரினெட் வாசிப்பவர் என்பது டாக்டருக்குத் தெரியாது. அக்கா சொல்லவும் இல்லை.

கான்வென்ட் பள்ளியில் புல்லாங்குழலுக்கு இடம் இல்லை என்று கிளாரினெட்டைக் கையில் கொடுத்தார்களாம். பள்ளி முடிந்ததும் குவீன்ஸ்டவுன் பக்கம் ஒரு சமூக மன்றத்தில் இருக்கும் பேண்டில் சேர்ந்தார். வீடு மாறிய பிறகும் பேண்டை மாற்றவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமை மதியமும் வேலை முடிந்ததும் லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறி, ஊட்ரம் பார்க்கில் மாறி, குவீன்ஸ்டவுன் போவார். கையில் கட்டு இருந்த நாட்களில் கிளாரினெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். கட்டு அவிழ்த்த பிறகும் போவதை நான் நிறுத்தவில்லை. ஹாலின் பின்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பேன். யாரும் என்னை என்ன ஏது என்று கேட்டதில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது.

அங்கே போன பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். கடையில் எல்லாருக்கும் அவர் அக்கா. மாதா கோயிலில் சிஸ்டர். கிளினிக்கில் ஒரு நம்பர். பேண்டில் மட்டும்தான் "லொரைன்" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வாசிக்கத் தொடங்குமுன் பேண்ட் மாஸ்டர் ஜெரார்ட் ஒவ்வொரு பெயராகச் சொல்வார். அக்கா, "யெஸ்" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் நாற்காலியில் சற்று நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால் விரல்களின் கணக்கு பிடிபட்டுவிடும். கிளாரினெட்டின் முன்பக்கம் இரண்டு கையின் மும்மூன்று விரல்கள் துளைகளை மூடுகின்றன. இடது கட்டைவிரல் பின்பக்கத் துளைக்கு. வலது கட்டைவிரலுக்கு வாசிக்கிற வேலையே இல்லை. குழலின் முழுப் பாரத்தையும் அதுதான் தாங்குகிறது. கீழே இருக்கும் துளைகளுக்கு விரல் எட்டாது, அதனால் அவற்றுக்கு மூடியும் நெம்புகோலும் வைத்திருக்கிறார்கள். அவற்றைத்தான் கீ என்கிறார்கள். அவை சுண்டுவிரல்களின் பொறுப்பு. வலது பக்கம் நான்கு, இடது பக்கம் மூன்று. இடது பக்கத்து மூன்றும் வலது பக்கம் இருப்பவற்றின் இரட்டைகள். எந்தக் கையில் அழுத்தினாலும் ஒரே சத்தம் வரும். வலது பக்கத்தில் கூடுதலாக இருக்கும் நான்காவது கீக்கு மட்டும் இரட்டை கிடையாது. ஈ-பிளாட் என்ற சுரம் அதில்தான் இருக்கிறது.

அக்காவுக்கு இடது சுண்டுவிரல் நன்றாக இருந்தது. வலது சுண்டுவிரலின் வேலையெல்லாம் இடது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். ஈ-பிளாட்டை மட்டும் மாற்ற முடியவில்லை.

பேண்டில் கிளாரினெட்காரர்கள் மூன்று பிரிவாக உட்காருவார்கள். முதல் பிரிவுக்குப் பாட்டின் மெட்டு போகும். மூன்றாவது பிரிவு அடியில் இருந்து தாங்கும், அதைத் தேர்ட் என்பார்கள். தேர்டில் இரண்டே பேர், அக்காவும் மேனுகாவும். மேனுகா முப்பது வயதைத் தாண்டியவள், யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. இருவருக்கும் ஒரே தாள் ஸ்டாண்ட்.

விபத்துக்குப் பிறகு முதல் நாள் வாசித்தபோது ஈ-பிளாட் வரும் இடத்தில் அக்கா சத்தமில்லாமல் நின்றார். மேனுகா திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த முறை அந்த இடம் வந்தபோது அவள் மட்டும் கொஞ்சம் அழுத்தி வாசித்தாள். இடைவேளையில், "அக்கா, உங்க ஈ-பிளாட் என்கிட்ட இருக்கு. வாடகை ஒரு தே பெங்," என்றாள்.

"போடி, சீனி கூடும்," என்றார் அக்கா. ஆனால் அந்த ஐஸ் போட்ட பால் தேநீரை வாங்கிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. ஒரே பிரிவில் வாசிக்கிறவர்கள் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கமாட்டார்கள். ஒருவர் வாங்கும்போது மற்றவர் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டில் ஓட்டை விழும். ஈ-பிளாட் வரும் இடங்களில் மேனுகா மூச்சு வாங்கக் கூடாது. அதற்கு ஈடாக மற்ற நீளமான இடங்களை அக்கா பிடித்துக்கொள்வார். தாளில் இதற்கென்று எந்தக் குறியும் இல்லை. மேனுகாவின் தோள் லேசாக உயர்ந்தால் அக்கா வயிற்றை இறுக்கிக்கொள்வார். சில நாட்கள் இரண்டு பேரும் ஒரே உடம்பு போல இருந்தார்கள். மேனுகா ஒரு சனிக்கிழமையும் வராமல் இருந்ததில்லை. காய்ச்சலோடு முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்து, வாசிக்கும்போது மட்டும் அதை இறக்கி, ஜெரார்ட்டிடம் திட்டு வாங்கியும் இருக்கிறாள்.

இப்படியே போயிருக்கும். ஆண்டு நிகழ்ச்சிக்கு முன்னால் இருக்கை பார்ப்பது என்று ஒரு வழக்கம் அந்தப் பேண்டில் உண்டு. ஒவ்வொருவரும் எல்லார் முன்னாலும் ஒரு பகுதியைத் தனியாக வாசிக்க வேண்டும். அதை வைத்து யார் எந்தப் பிரிவு என்று ஜெரார்ட் முடிவு செய்வார். விபத்து நடந்த வருடம், "கை ஆறட்டும்," என்று அக்காவை விட்டுவிட்டார். அடுத்த வருடமும் கேட்கவில்லை. இந்த வருடம் ஒரு சனிக்கிழமை, எல்லாரும் கிளம்பிய பிறகு, அக்காவின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"லொரைன், இந்தத் தடவை எல்லாரும் வாசிச்சே ஆகணும். உங்கள மட்டும் விட்டா மத்தவங்க கேப்பாங்க."

"வாசிக்கறேன்."

"நான் தேர்டுக்குக் குடுக்கப் போற பார்ட்ல ஈ-பிளாட் நெறைய வருது. மாத்த முடியாது. முடியலைன்னா பெர்கஷனுக்கு வாங்களேன். டிரையாங்கிள் இருக்கு. பேண்டுலயேதானே இருக்கப் போறீங்க."

அக்கா தலையாட்டினார். டிரையாங்கிள் என்பது குச்சியால் தட்டும் ஒரு முக்கோணக் கம்பி. ரயிலில் ஏறியதும் என்னிடம் சொன்னார். "டிரையாங்கிள்காரங்களப் பாத்திருக்கியா? பின்னாடி தனியா நிப்பாங்க. பாட்டு முழுக்க எண்ணிக்கிட்டே நிக்கணும். கடைசில ஒரு தட்டு. பக்கத்துல ஆளே இருக்காது."

அவருக்கு வேண்டியிருந்தது அந்த நாற்காலி, மேனுகாவுக்குப் பக்கத்து நாற்காலி. வீட்டுக்கு வந்தால் பேச யாருமில்லாத ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய இடம் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரஃபீக்கிடம் போனோம். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், பயண ஏஜென்சிக்கு மேலே, பேண்ட் வாத்தியங்கள் பழுதுபார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறார். அக்காவின் கிளாரினெட்டை முன்பே பார்த்தவர். விரலை நீட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார்.

அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழலே தெரியாத அளவுக்கு அதில் கம்பியும் மூடியும் வளையமும் அப்பியிருந்தன.

"இதுல எல்லாம் இருக்கு," என்றார் ரஃபீக். "ஈ-பிளாட்டுக்கு இடது பக்கமும் கீ. கீழ ஒரு சுரம் அதிகம். சில சுரத்துக்கு வேற வழியும் இருக்கு, சுத்திப் போக வேணாம். ஒரு காலத்துல இத்தாலிக்காரங்க இதத்தான் விரும்பி வாங்கினாங்க. வாசிச்சுப் பாருங்கக்கா."

அக்கா பொருத்தி ஊதினார். கொஞ்ச நேரத்திலேயே வலது கை இறங்கத் தொடங்கியது. முட்டியில் வைத்துத் தாங்கிக்கொண்டார்.

"கனமா இருக்கு லா."

"இருக்கும். இது நீளமும் அதிகம், இரும்பும் அதிகம். எல்லாம் அந்தக் கட்டைவிரல் மேலதான் உக்காரும். அதோட, கீ கூடினா தகராறும் கூடும். ஒண்ணு சரியா மூடலைன்னா அதுக்குக் கீழ உள்ள சுரம் எல்லாம் படுத்துடும். மாசம் ஒரு தடவ என் மூஞ்சியப் பாக்கணும்."

"அது வேணாம்."

"என் மூஞ்சியா?"

"ரெண்டும்," என்றார் அக்கா. ரஃபீக் விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு வேறொன்றை எடுத்தார். பார்க்க அக்காவுடையது போலவே இருந்தது. இடது பக்கத்து மூன்று கீகளுக்கு மேலே ஒட்டினாற்போல் ஒரு சிறிய கீ மட்டும் கூடுதல். ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வாசித்து விற்றது. "இது ஒண்ணு போதும் உங்களுக்கு. புதுசா ஓட்டை எதுவும் இல்ல. அதே ஓட்டைக்கு இந்தப் பக்கமா இன்னொரு கதவு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். மத்தவங்களுக்கு சி-ங்கற சுரத்துலேந்து ஈ-பிளாட் போகணும்னா ஒரு கை சி பிடிக்கும், இன்னொரு கை ஈ-பிளாட் பிடிக்கும். உங்களுக்கு ஒரே விரல். ஒண்ணுலேந்து இன்னொண்ணுக்குச் சறுக்கணும். தூக்கி வச்சா நடுவுல வேற சத்தம் வந்துடும்."

அக்கா இடது சுண்டுவிரலால் அந்தச் சின்னக் கீயை அழுத்தினார். கீழே, வலது பக்கத்தில், அவருடைய செத்த விரலுக்குச் சொந்தமான மூடி தானாகத் திறந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இன்னும் ஒரு தடவை அழுத்தினார். ஊதவேயில்லை. அப்புறம் தன் பழைய கிளாரினெட்டை மேசை மேல் வைத்தார். கான்வென்டை விட்டு வந்தபோது அப்பா ஓவர்டைம் பார்த்து வாங்கிக் கொடுத்தது அது. "இதை எடுத்துக்கிட்டு மிச்சத்தைச் சொல்லுங்க," என்றார்.

புதியதை எடுத்துக்கொண்டு போன முதல் சனிக்கிழமை பெரிய கூத்தாகிவிட்டது.

ஈ-பிளாட் வந்தது. வரவேண்டிய இடத்தில் வந்தது. வரக்கூடாத இடத்திலும் வந்தது. விஷயம் இதுதான். டி என்ற சுரத்துக்குச் சுண்டுவிரல்கள் இரண்டும் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது அக்காவின் இடது சுண்டுவிரல் பல வருடமாக ஒரே இடத்தில், கீகளுக்கு மேலே இருந்த வெறும் மரத்தில், சாய்ந்து ஓய்வெடுத்துப் பழகியிருந்தது. புதிய கிளாரினெட்டில் சரியாக அந்த இடத்தில்தான் கூடுதல் கீ இருந்தது. விரல் ஓய்வெடுக்கப் போகும்போதெல்லாம் டி எல்லாம் ஈ-பிளாட் ஆகிவிட்டன.

ஜெரார்ட் கையைத் தூக்கி நிறுத்தினார். "தேர்ட்ஸ். அது டி. யாரு அது?"

மேனுகா வாயில் குழலை வைத்தபடியே சிரித்துவிட்டாள். "ரெண்டு வருஷப் பாக்கிய இன்னைக்கே தீக்கறாங்க, சார்." எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ஆனால் அவருடைய காது சிவந்திருந்ததை மேனுகா பார்த்துவிட்டாள். அடுத்த முறை அந்த இடம் வந்தபோது அவள் டி-யை அழுத்தி வாசித்து அக்காவின் தவறை மூடினாள்.

ரஃபீக்கிடம் மறுபடியும் போனோம். கீயைத் தள்ளி வளைத்துத் தரமுடியும், ஆனால் அப்போது சறுக்கும் தூரம் கூடிவிடும் என்றார். "ரெண்டுல ஒண்ண நீங்கதான் எடுக்கணும். நான் கீய மாத்தலாம், விரல மாத்த முடியாது."

"கீ அப்படியே இருக்கட்டும்," என்றார் அக்கா.

விரலை மாற்றத் தொடங்கினார். கடையில் ஹேங்கரைப் பிடிக்கும்போது இடது சுண்டுவிரலைத் தொங்கவிடாமல் காற்றில் நிறுத்திப் பழகினார். சீருடைகளை நீட்டும்போது அது தனியே நிற்கும். இப்போது இரண்டு கையிலும் சுண்டுவிரல் நீட்டிக்கொண்டிருந்தது. "என்னக்கா, சலவைக் கடையில மகாராணியா?" என்று முதலாளியம்மா கேட்டார். ரயிலில், மடியில் பையை வைத்துக்கொண்டு, அதன் வார்மேல் சறுக்கிப் பழகினார். மாலையில் அவர் வீட்டுக் கதவைத் தாண்டிப் போகும்போது அதே இரண்டு சுரங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும். நடுவில் ஒரு சிறிய விக்கல். நாள் போகப் போக விக்கல் சின்னதாகிக்கொண்டே வந்தது.

சறுக்குவதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தார். விரல் காய்ந்திருந்தால் கீயின் மேல் ஒட்டிக்கொள்கிறது. சிலர் எண்ணெய்ப் பசைக்காக மூக்கோரத்தில் தடவிக்கொள்வார்களாம். அக்காவுக்குத் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கும் பழக்கம் உண்டு. அந்த இடம் வருவதற்கு முன்னால் கிடைக்கும் இடைவெளியில் காதுக்குப் பின்னால் ஒரு தடவு. பார்ப்பவருக்கு முடியை ஒதுக்குவது போலத்தான் இருக்கும்.

இருக்கை பார்க்கும் நாள் வந்தது. புல்லாங்குழல்காரர்கள் முடித்தார்கள். கிளாரினெட்டில் முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு. பிறகு மேனுகா வாசித்தாள். முந்தைய வருடங்களில் அக்காவுக்கு வாசிப்பு இல்லாததால் இந்த நாளுக்கு நாங்கள் வந்ததில்லை, அதனால் அவள் தனியாக வாசித்ததை அதுவரை நான் கேட்டதே இல்லை. எனக்கே தெரிந்தது, அவள் அந்தப் பின்வரிசைக்கு உரியவள் இல்லை என்று. சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

"லொரைன்," என்றார் ஜெரார்ட்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டார். முதலில் வரிசையாக டி-க்கள். இடது சுண்டுவிரல் காற்றில் நின்றது, இறங்கவில்லை. பிறகு சி. சி-லிருந்து விரல் சறுக்கியது. ஈ-பிளாட் ஓர் இமைப்பொழுது பிந்தி வந்தது. ஆனால் வந்தது, நடுவில் எதுவும் கேட்கவில்லை. இரண்டாவது முறை பிந்தவும் இல்லை.

"குட்," என்றார் ஜெரார்ட். "தேர்ட். அதே சீட்."

மேனுகா அக்காவின் தொடையில் ஒரு அடி அடித்தாள். அக்கா கிளாரினெட்டை மடியில் கிடத்தி, வாயைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரத்து முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சம்பள நாளில்கூட அப்படி இருந்ததில்லை.

எல்லாரும் வாசித்து முடித்த பிறகு ஜெரார்ட் மாற்றங்களை அறிவித்தார். இரண்டு பேர் இடம் மாறினார்கள். கடைசியாக, "மேனுகா, பர்ஸ்ட் கிளாரினெட்," என்றார். கைதட்டினார்கள். அவர் சிரித்துக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன். வேணாம், வேணாம்னாங்க. இப்பத்தான் சரின்னு சொல்லியிருக்காங்க."

அக்காவின் கை கிளாரினெட்டின் மேல் அப்படியே நின்றது.

மேனுகா அவர் பக்கம் குனிந்தாள். "அக்கா, இப்ப நான் போலாம்ல? இப்பத்தான் உங்களுக்கு எல்லாம் வந்துடுச்சே."

அதில் கள்ளம் எதுவும் இல்லை. சந்தோஷம்தான் இருந்தது. ஒரு வேலையை நல்லபடியாக முடித்துக்கொடுத்தவளின் சந்தோஷம்.

"போ லா," என்றார் அக்கா. "முன்னாடி ஏர்கான் நல்லா வரும்."

"வாடகை பாக்கி இருக்கு, மறந்துடாதீங்க."

"வாங்கித் தரேன். நீ போ."

அன்று ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் அக்கா உட்காரவில்லை. ஜூரோங் ஈஸ்டில் மாறும்போது, "ரெண்டு வருஷம் அந்தப் பிள்ளைய நான் பின்னாடியே பிடிச்சு வச்சிருந்திருக்கேன். எனக்குத் தெரியாதே," என்றார். கொஞ்சம் கழித்து, "தெரிஞ்சிருந்தா மட்டும் விட்டிருப்பேனாக்கும்," என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. நான் வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரத்திலிருந்து தேர்டில் அக்கா மட்டும்தான். ஸ்டாண்டும் அவருக்கே. பக்கத்து நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. அக்கா கிளாரினெட் பெட்டியை அதன்மேல் வைத்தார். இரண்டாவது வாரம் ஜெரார்ட் வரிசைக்குள் நடந்து வந்தபோது, "அதைக் கீழ வச்சுக்குங்க லொரைன், யாராச்சும் புதுசா சேருவாங்க," என்றார். அக்கா எடுத்துக் கீழே வைத்தார். யாரும் சேரவில்லை.

வாசிப்பதில்தான் பெரிய சிரமம். ஈ-பிளாட் இப்போது அவருடைய சொந்தச் சொத்து. அவர் வாசிக்காவிட்டால் அந்தப் பிரிவில் வாசிக்க ஆளில்லை. ஆனால் மூச்சு வாங்க இடம் இல்லாமல் போனது. நீளமான இடங்களில் பாதியில் காற்று தீர்ந்துவிடும். முன்பெல்லாம் பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை அக்காவின் தோள் உயர்ந்தது. பழக்கத்தில் கண் பக்கத்து நாற்காலிக்குப் போனது. அங்கே யாரும் இல்லாததால் மூச்சு வாங்காமலே தொடர்ந்தார். அந்த இடம் முடிந்தபோது கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இடைவேளையில் மேனுகா முன்வரிசைக்காரர்களோடு நின்று ஏதோ தாளைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்துக் கையசைத்தாள். அக்காவும் அசைத்தார். தே பெங் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். "அய்யோ, மறக்கவே இல்லியா," என்று வாங்கிக்கொண்டாள் மேனுகா. அதற்கு மேல் அங்கே நிற்க ஒரு காரணம் அக்காவுக்குக் கிடைக்கவில்லை.

பென்சிலால் தானே மூச்சுக் குறிகள் போட்டுக்கொண்டார். எங்கே ஓட்டை விழுந்தால் மற்ற வாத்தியங்கள் மூடிக்கொள்ளும் என்று பார்த்துப் பார்த்துப் போட்டார். பெரிய டிரம் அடிக்கும் இடம், டிராம்போன்கள் எழும் இடம்.

நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு பூங்காவின் திறந்தவெளி மேடையில் நடந்தது. மக்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் ஓடினார்கள். பேண்ட்காரர்கள் கறுப்பு உடையில் வரிசையாக வந்து அமர்ந்தார்கள். நான் ஓரமாக, மூன்றாவது வரிசை தெரியும் இடமாகப் பார்த்து நின்றுகொண்டேன். தொடங்குமுன் மேனுகா முன்வரிசையிலிருந்து உடம்பைத் திருப்பிப் பின்னால் தேடினாள். அந்த நேரம் அக்கா தலையைக் குனிந்து காதுக்குப் பின்னால் விரலைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்தபோது ஜெரார்ட்டின் கை உயர்ந்துவிட்டது. மேனுகா திரும்பிவிட்டாள்.

வாசித்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று வணங்கினார்கள். பேண்ட்காரர்கள் புரோட்டா கடைக்குப் போகலாம் என்று பேசிக்கொண்டார்கள். மேனுகா ஓடி வந்து, "அக்கா, வாங்களேன்," என்றாள். "மார்சிலிங் தூரம் லா," என்றார் அக்கா. எப்போதும் சொல்வதுதான். முன்பு மேனுகா கையைப் பிடித்து இழுப்பாள். இன்று அவளை அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

ரயிலில் கூட்டமில்லை. எதிரெதிரே உட்கார்ந்தோம். அக்கா கேட்டார்.

"எது என் சத்தம்னு தெரிஞ்சுதா?"

யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்லலாம், ஆனால் எந்த இடம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "தெரியலக்கா. எல்லாம் ஒண்ணாத்தான் கேட்டுச்சு."

"கேக்கக் கூடாது," என்றார். "தேர்ட் தனியாக் கேட்டா எங்கயோ தப்புன்னு அர்த்தம்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடியில் அவர் முகமும் வெளியே புளோக்குகளின் விளக்குகளும் ஒன்றாக ஓடின.

"ஆனா விரல் தெரிஞ்சுது," என்றேன்.

திரும்பினார். "எந்த விரல்?"

"இடது. சறுக்கினது. ஒவ்வொரு தடவையும் பாத்தேன்."

"அங்கேந்தா?"

"ஆமா. நடுவுல ஒரு இடத்துல நீங்க மூச்சு வாங்கலை. குறி போட்டிருந்தீங்க, ஆனா வாங்கலை."

அக்கா என்னைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்ப்பது போல இருந்தது. "டிரம்காரன் அந்த இடத்துல அடிக்க மறந்துட்டான்," என்றார். "நான் வாங்கியிருந்தா ஓட்டை விழுந்திருக்கும்."

தலையாட்டினேன். மார்சிலிங் வந்தது. அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். கதவு திறக்கும்வரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.